கணக்கில் வராத செம்மறியின் இரத்தம்

புதுதில்லி: கால்நடை என்றதும் நாடாளுமன்றத்தில் எழும் பேச்சு பெரும்பாலும் மாட்டைப் பற்றியதுதான். செம்மறி ஆடு அங்கே அபூர்வமாகவே தலைகாட்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 7.43 கோடி செம்மறிகள் இருந்தன. இது 2012-ஐவிட 14 சதவீதம் அதிகம். தெலங்கானா அரசு மானிய விலையில் ஆடுகளை வழங்கியது இதற்கு முக்கியக் காரணம். மால்புரா, சோக்லா, மார்வாரி போன்ற நாட்டினங்களின் தாயகமான ராஜஸ்தானிலோ எண்ணிக்கை 90.8 லட்சத்திலிருந்து 79 லட்சமாகச் சரிந்தது.

மேய்ச்சல் நிலம் சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். இரத்தம் வற்றுவது தெரியாது. ஆரோக்கியமான செம்மறியின் 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 முதல் 15 கிராம் வரை இருக்கும். இதைக் குறைப்பதில் முதலிடம் வகிப்பது ஹீமோங்கஸ் என்ற குடற்புழு. ஒரு புழு நாளொன்றுக்கு சுமார் 0.05 மில்லி இரத்தத்தை உறிஞ்சும். 5,000 புழுக்கள் இருந்தால் கால் லிட்டர் போய்விடும். பாதி வறண்ட பகுதியில் இப்புழு பெருகுவது மழைக்காலத்தில். புல் செழித்திருக்கிறது என்று மேய்ப்பர் நிம்மதி கொள்ளும் நேரமும் அதுவே.

கோடையிலோ வேறு சிக்கல். தண்ணீர் கிடைக்காத ஆட்டின் இரத்தம் கெட்டியாவதால் சிவப்பணுக்களின் விகிதம் உயர்ந்ததுபோலத் தோன்றும், இரத்தசோகை மறைந்துகொள்ளும். பருவத்தைப் பாராமல் பரிசோதனை எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும்.

ஆய்வகத்துக்குப் போக வழியற்ற மேய்ப்பருக்காகத் தென்னாப்பிரிக்காவில் உருவானது 'ஃபமாச்சா' வண்ண அட்டை. ஆட்டின் கீழிமையை விலக்கி, உட்புறச் சிவப்பை ஐந்து நிறங்களுடன் ஒப்பிட வேண்டும். வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் செலவு மிச்சம். மந்தை முழுவதற்கும் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்தும் குறையும். இரத்தம் உறிஞ்சாத புழுக்களை மட்டும் இந்த அட்டை காட்டிக்கொடுக்காது.

மத்திய அரசு 2019 செப்டம்பரில் ரூ.13,343 கோடியில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் இலக்கு கோமாரியும் புருசெல்லா நோயும். குடற்புழு அதில் இல்லை. போட்ட தடுப்பூசிகளை எண்ணி அவையில் பதிலளிப்பது எளிது. இமை வெளுத்த ஆடுகளை யார் எண்ணுவது? கால்நடை நோய்த் தடுப்பு அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 15-வது இனமாக இருப்பது தில்லிக்கு வசதியான சாக்கு.

ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என நடமாடும் மருத்துவ ஊர்திகளுக்கு மத்திய அரசு நிதி தருகிறது. அவற்றை அழைக்கும் எண் 1962. டோங்க் மாவட்டம் அவிகாநகரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்த ஆண்டும் தற்செயலாக அதுவே. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் அதன் தென்மண்டல மையம் உள்ளது. அந்த ஊர்திகளின் ஊழியர்களுக்கு வண்ண அட்டை கொடுத்துப் பயிற்சியளிக்கப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை.