கான்வென்ட் படிப்பும் எளியோர் குடும்பமும்

பிழைப்பை நாடிக் கல்கத்தாவுக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பம் முதலில் தேடுவது குடியிருக்க ஓர் அறை. அடுத்துத் தேடுவது குழந்தைகளுக்கு ஒரு பள்ளி. அறை எப்படியேனும் கிடைத்துவிடுகிறது. பள்ளி விஷயத்தில்தான் பெற்றோர் திகைத்து நிற்கின்றனர். வங்க மொழியில் கற்பிக்கும் பள்ளியில் சேர்த்தால், நாளை ஊர் திரும்ப நேருங்கால் குழந்தை என்ன செய்யும் என்பது ஒரு கவலை. ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளியில் சேர்த்தால், மாதந்தோறும் சம்பளம் கட்டுவது எங்ஙனம் என்பது மற்றொரு கவலை. இவ்விரண்டிற்கும் இடையே நம்மவர் பலர் கத்தோலிக்கக் குருமாரும் கன்னியரும் நடத்தும் பள்ளிகளை நாடுகின்றனர். கிறிஸ்தவக் குடும்பங்கள் மறைக்கல்வியைக் கருதி அங்கே செல்கின்றன. ஏனையோர் ஒழுங்கையும் ஆங்கிலத்தையும் கருதிச் செல்கின்றனர்.

வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு அப்பள்ளிகளில் சம்பளச் சலுகை உண்டா என்று அன்பர்கள் பலர் வினவுகின்றனர். பல பள்ளிகளில் உண்டு. ஆனால் அது தானாக வீடு தேடி வருவதில்லை. உரிய காலத்தில், உரிய தாள்களுடன், உரியவரிடம் சென்று கேட்கும் பெற்றோருக்கே அது கிட்டுகிறது. கேட்க நாணுகின்ற வீட்டில், இரண்டாவது குழந்தையின் படிப்பு நடுவில் நின்றுவிடுகிறது. அக்குழந்தை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறது. ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் ஏழைகளுக்கு இலவசம் என்ற செய்தி எங்கும் பரவியுள்ளது. செய்தி மெய்யே. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கான செலவை ஒரு வரையறைக்குட்பட்டு அரசு ஈடுசெய்யும்.

ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்கள். தமக்கு விருப்பமான கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு வழங்குகிறது. அதனை முன்னிட்டு, அரசுதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. 2014 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அவ்விலக்கை விரித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் எனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினர். நீதிமன்றத்தின் இறுதி முடிவு வரும்வரை நம் குழந்தைகள் வளராமல் காத்திருக்கப் போவதில்லை.

ஆகவே கான்வென்ட் வாயிலில் நின்று, இருபத்தைந்து சதவீதத்தில் இடம் கொடுங்கள் என்று வாதிடுவதால் பயனில்லை. அங்கே கிடைப்பது சட்டத்தின் பேரால் வருவதன்று. அந்நிறுவனம் தன் கொள்கையின் பேரால் அளிப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்து சென்றால் பேச்சின் தொனியே மாறும், பயனும் மாறும்.

கொள்கையும் நடைமுறையும்

கொள்கை எழுத்தில் உள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, பொருள் வசதியற்றோர்பால் கத்தோலிக்கப் பள்ளிகள் தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்று கூறியது. இந்திய ஆயர் பேரவை 2007-இல் வகுத்த கல்விக் கொள்கையும் வறியோருக்கு முதன்மை தருகிறது.

நடைமுறை எப்போதும் கொள்கைக்கு ஈடாக இருந்ததில்லை. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் சமூகத்திலும் பொருளிலும் நலிந்த மாணவர் 8.76 சதவீதமே எனக் கணக்கிட்டது. கிறிஸ்தவப் பள்ளிகளில் பயில்வோருள் சுமார் 74 சதவீதத்தினர் கிறிஸ்தவரல்லாதார் என்றும் அதே அறிக்கை கூறிற்று. இவ்விரு எண்களையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். சமய வேறுபாடு அப்பள்ளிகளின் கதவை அவ்வளவாக அடைக்கவில்லை, வறுமையே அடைத்திருக்கிறது.

அக்கதவைத் திறக்க முடியும் என்பதற்குச் சான்று நம் நகரத்திலேயே உண்டு. சியால்தா ரயில் நிலையத்துக்கு அண்மையில் உள்ள லொரேட்டோ பள்ளிக்கு, அயர்லாந்து நாட்டினரான சிஸ்டர் சிரில் மூனி 1979-இல் தலைமையேற்றார். சம்பளம் கட்ட இயன்றோர் ஒரு பாதியும், இயலாதோர் மறு பாதியுமாகப் பள்ளியை அமைக்க அவர் முனைந்தார். 1985-இல், தெருவிலும் நிலையத்து நடைமேடையிலும் வாழ்ந்த சிறுமியருக்காக ‘வானவில்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார். அச்சிறுமியர் தமக்கு இயன்ற நேரத்தில் பள்ளிக்கு வருவர். மேல் வகுப்பு மாணவியர் ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவர். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. 2023-இல் அவர் மறைந்தார். எல்லாப் பள்ளியும் அவர் பள்ளி போன்றதன்று. எனினும் ஓரிடத்தில் நடந்ததை மற்றோரிடத்தில் கேட்பதில் தவறில்லை.

உதவி வரும் வழிகள்

முதலாவது, பள்ளியே அளிக்கும் சலுகை. முழுச் சம்பளம், அரைச் சம்பளம், உடன்பிறந்தோர் பயின்றால் இளையவருக்குக் குறைவு எனப் பல வகை இருக்கலாம். இதைத் தீர்மானிப்பவர் தலைமையாசிரியை அல்லது மடத்துத் தலைவி. அலுவலகத்துக் குமாஸ்தா அல்லர். நானும் ஒரு குமாஸ்தாவாதலால் சொல்கிறேன்: விதியில் எழுதாத ஒன்றைக் குமாஸ்தாவிடம் கேட்டால் இல்லை என்ற விடையே வரும்.

இரண்டாவது, பங்குக் கோயில். கத்தோலிக்கக் குடும்பங்கள் தாம் குடியிருக்கும் பகுதியின் பங்கில் முதலில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். ஞானஸ்நானப் பதிவேடு சொந்த ஊர்க் கோயிலில் இருக்குமாதலின், விடுமுறையில் ஊர் செல்லுங்கால் சான்றிதழின் நகலை வாங்கி வருதல் நலம். பங்குத் தந்தையின் கடிதத்துக்குப் பள்ளியில் மதிப்பு உண்டு. 1833-இல் பாரிஸில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் பல பங்குகளில் இயங்குகின்றன. அதன் உறுப்பினர் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்து உதவுபவர். சமயம் பார்த்து உதவுபவர் அல்லர்.

மூன்றாவது, அரசின் உதவித்தொகை. இதில் கவனம் வேண்டும். சிறுபான்மை மாணவருக்கு மத்திய அரசு 2008-இல் தொடங்கிய உதவி முதலில் ஒன்று முதல் பத்து வகுப்புகளுக்கு இருந்தது; 2022-23 முதல் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கே எனச் சுருக்கப்பட்டது. மேற்கு வங்க அரசு 2019-இல் தொடங்கிய ‘ஐக்கியஸ்ரீ’ திட்டம், ஆண்டு வருவாய் இரண்டு லட்சத்துக்கு மேற்படாத சிறுபான்மைக் குடும்பங்களுக்கென வகுக்கப்பட்டது. சமய வேறுபாடின்றி எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதிப் பெறும் தேசிய உதவித்தொகை ஒன்றும் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000; ஆனால் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவருக்கு மட்டுமே. எனவே ஒரு பள்ளியில் சேர்க்குமுன், “இது அரசுதவி பெறும் பள்ளியா?” என்று கேட்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் சம்பளமும் பொதுவாகக் குறைவு.

நான்காவது, வேலை கொடுப்போர். மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தைகள் கல்விப் படி உண்டு. 2024 ஜனவரி முதல் அது குழந்தை ஒன்றுக்கு மாதம் ரூ.2,812.50 ஆயிற்று, இரு குழந்தைகள்வரை பெறலாம். எங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு இது பெருந்துணை. அதே நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை செய்வோருக்கும், நடைமேடையில் தேநீர் விற்போருக்கும் இப்படி இல்லை. சங்கத்தின் நினைவில் முதலில் நிற்க வேண்டியவர் அவர்களே.

கேட்கும் முறை

எனக்குத் தெரிந்த திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று தள்ளுவண்டியில் தோசை விற்றுப் பிழைக்கிறது. மகன் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. இருவரும் ஒரே கான்வென்டில் பயின்றனர். சென்ற மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது; மூன்று மாதச் சம்பளம் பாக்கி விழுந்தது. பெண்ணை நிறுத்திவிடுவோம், பையனாவது படிக்கட்டும் என்று தந்தை முடிவு செய்தார். தாய் இசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை வங்க மொழி பேசத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே தலைமைக் கன்னியரிடம் சென்று நிலைமையைச் சொன்னார். “முதல் மாதமே வந்து சொல்லியிருக்கலாமே, அம்மா” என்றாராம் அவர். பாக்கியைத் தவணையாக்கி, மகளுக்கு அரைச் சம்பளமும் அளித்தார். அப்பெண் இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவ்வீட்டுக்கு இவ்வழி முன்பே திறந்துதான் இருந்தது. அதைச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டுவன சில. வகுப்புத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மனு அளிக்க வேண்டும். சலுகைக்கான தொகை ஆண்டுத் தொடக்கத்திலேயே பங்கிடப்பட்டுவிடும். மனு ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. வீட்டில் எத்தனை பேர், வருவாய் எவ்வளவு, வாடகை எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட இயலும் என்ற நான்கும் அதில் இருத்தல் வேண்டும். கட்ட இயலும் தொகையைத் தாமே குறிப்பிடுவது மிக நன்று. அது சிறு தொகையாயினும், பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர் அல்லர் என்பதைக் காட்டும். வருமானச் சான்றிதழ், வாடகை ரசீது, குழந்தையின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகலை இணைக்க வேண்டும். வருவாயைக் குறைத்துக் காட்டலாகாது. ஒருவர் பொய் வெளிப்பட்டால் அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்தின் மெய்யும் ஐயத்துக்குள்ளாகும்.

மற்றொன்று. சலுகை என்பது பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு மட்டுமே. சேர்க்கைக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், புத்தகம், சீருடை, வண்டிச் செலவு ஆகியவை தனி. சம்பளம் இலவசம் என்று மகிழ்ந்து சேர்த்துவிட்டு, இவற்றுக்காகக் கந்து வட்டிக்குக் கடன் வாங்கிய வீடுகள் உண்டு. முழுக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பின்னரே முடிவு செய்க.

சலுகையில் பயிலும் செய்தியைக் குழந்தையின் முன்னிலையில் பலரறியப் பேசுதல் கூடாது. அது பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள செய்தி.

சங்கம் செய்யத்தக்கது

நம் சங்கத்தில் நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் வசூல் செய்கிறோம்; நாடகம் போடுகிறோம். அவை வேண்டும். அவற்றோடு ஆண்டுக்கு இரண்டு ஞாயிறு மாலைகளைப் பள்ளி மனு எழுதுவதற்கென ஒதுக்கலாகாதா? ஆங்கிலமும் வங்க மொழியும் அறிந்த நான்கு உறுப்பினரும், நகல் எடுக்கும் பொறி ஒன்றும் போதும். பள்ளிக்குத் தனியே செல்லத் தயங்கும் தாய்மாருடன் ஒருவர் துணை செல்லலாம். சேர்க்கைக் கட்டணத்துக்காக வட்டியின்றிக் கொடுத்துத் தவணையில் திரும்பப் பெறும் சிறு நிதி ஒன்றையும் தொடங்கலாம். மாதம் ஐம்பது ரூபாய் தர நூறு வீடுகள் முன்வந்தால் ஆண்டுக்கு அறுபதினாயிரம் ரூபாய் சேரும். சில குழந்தைகளின் சேர்க்கைக்கு அது தாங்கும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகிறேன். மனு எழுதும் பணிக்கு என் ஞாயிறு மாலைகளை இப்போதே தருகிறேன். உடன் வர விரும்பும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுப்பார்களாக.