எடை குறைக்கும் அறுவை சிகிச்சையும் அதன் பிந்திய வாழ்வும்

ஊட்டக் குறைவு என்றதும் மெலிந்த தேகமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆயின், ஒரு காலத்தில் பருத்திருந்து பின்னர் எடை குறைந்த ஒருவரும், வேளை தவறாது உண்டுவரும்போதே, ஊட்டக் குறைவுக்கு ஆளாகலாம். எடை குறைக்கும் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் நிலை இத்தகையது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 24 பேரும், ஆடவருள் ஏறத்தாழ 23 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். இவர்களுள் உடற்பருமன் மிக முற்றியவர்களுக்கும், அதனால் நீரிழிவு முதலிய நோய்களுக்கு ஆளானவர்களுக்கும் மருத்துவர்கள் இவ்வறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். சிகிச்சை நகரத்து மருத்துவமனையில் நடைபெறுகிறது. சிகிச்சை பெற்றவரோ தம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். ஐந்தாவது ஆண்டிலும் பத்தாவது ஆண்டிலும் அவரை அடுத்திருந்து காண்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரும், ஆஷா பணியாளரும், அங்கன்வாடிப் பணியாளரும், உடன் பணிபுரியும் ஆசிரியருமே. ஆதலின் அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில இங்கே தொகுத்துரைக்கப்படுகின்றன.

சிகிச்சையில் நிகழ்வது யாது?

எடையைக் குறைக்கும் பொருட்டுக் குடலை மாற்றியமைக்கும் முயற்சி 1954இல் அமெரிக்க நாட்டின் மின்னசோட்டாவில் தொடங்கியது. சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதவாறு ஒதுக்கிவிட்ட அம்முறையினால் எடை குறைந்ததாயினும், கல்லீரல் கேடு முதலிய கொடிய தீங்குகள் விளைந்தமையால் அது பிற்காலத்தில் கைவிடப்பட்டது. 1960-களில் அயோவாவில் எட்வர்டு மேசன், சிக்காஷி இட்டோ என்னும் மருத்துவர்கள் இரைப்பை பைபாஸ் முறையை வகுத்தனர். பல திருத்தங்களுடன் அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் இடைப்பகுதியுடன் நேராக இணைக்கப்படுகிறது. எஞ்சிய இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் உணவு எட்டுவதில்லை. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ் என்னும் முறை. இதில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்குமேல் வெட்டியெடுக்கப்பட்டு, எஞ்சியது சட்டைக் கை போன்ற குழாயாக விடப்படுகிறது. இரைப்பையின் கொள்ளளவு குறைவதோடு, பசியையும் நிறைவையும் உணர்த்தும் ஹார்மோன்களும் மாறுவதால் உணவின் அளவு சுருங்குகிறது.

காலந்தாழ்த்தி வரும் குறைவுகள்

இரைப்பை உணவைத் தாங்கும் வெறும் பையன்று. அதன் அமிலம் உணவிலுள்ள வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுக்கிறது. அதன் சுவர்களில் ஊறும் ஒரு புரதப் பொருள் அவ்வைட்டமினைப் பற்றிச் சென்று சிறுகுடலின் கடைப்பகுதியில் உட்கவரச் செய்கிறது. இரைப்பை சுருங்கும்போது இவ்விரண்டும் குறைந்துவிடுகின்றன. ஆயினும் கல்லீரலில் இவ்வைட்டமின் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பாக இருப்பதால், குறைவு உடனே வெளிப்படுவதில்லை. எடை குறைந்து, நோய் தணிந்து, மாத்திரைகள் இனி எதற்கு என்று எண்ணும் காலத்தில்தான் அது தலைகாட்டுகிறது. பாதங்களில் மரத்த உணர்வு, எரிச்சல், நடையில் தள்ளாட்டம், மறதி, நாக்கில் புண் ஆகியவை இதன் குறிகள். சைவ உணவு உண்போர்க்கு இவ்வபாயம் மேலும் மிகுதி. ஏனெனில் தாவர உணவில் இவ்வைட்டமின் இல்லை.

களப் பணியாளர்கள் இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் கொள்ளல் வேண்டும். இரத்த சோகைக்கென நாம் வழங்கும் மாத்திரைகளில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலமும் உண்டு. பி12 குறைவினால் விளைந்த சோகையையும் ஃபோலிக் அமிலம் ஓரளவு திருத்திவிடும். ஆனால் நரம்புகளின் சிதைவைத் தடுக்காது. இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்க, நரம்புகள் உள்ளூரக் கெட்டுக்கொண்டே செல்லும். நாட்பட்ட நரம்புக் கேடு முற்றிலும் குணமாவது அரிது. ஆகவே இச்சிகிச்சை பெற்றவர்க்கு இம்மாத்திரைகளை மறுக்க வேண்டுவதில்லை எனினும், பி12 அளவையும் சோதிக்கச் செய்தல் இன்றியமையாதது.

இரும்புச் சத்தைப் பெரும்பாலும் உட்கவர்வது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. பைபாஸ் முறையில் உணவு அப்பகுதியைத் தொடாமற் செல்வதாலும், அமிலம் குறைவதாலும், குறிப்பாக மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சோகை எளிதில் உண்டாகிறது. சுண்ணாம்புச் சத்தும் இவ்வாறே குறைகிறது. அது குறையும்போது உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரத்தத்துக்குக் கொடுத்து விடுகிறது. இதனால் இரத்தத்தில் அதன் அளவு சரியாகவே காணப்பட, எலும்புகள் மெல்ல வலுவிழக்கின்றன. சுண்ணாம்பு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒருங்கே உட்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டுக்குமிடையே குறைந்தது இரண்டு மணி நேரம் கழிதல் வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ காப்பியுடனோ உட்கொள்ளலாகாது.

இவற்றுள் விரைந்து தாக்குவது தயாமின் என்னும் வைட்டமின் பி1 குறைவு. உடலில் இதன் சேமிப்பு மிகச் சிறிது. சிகிச்சைக்குப் பின் ஒருவர் தொடர்ந்து வாந்தியெடுத்து, பார்வை இரட்டையாகி, நடை தடுமாறி, சிந்தை குழம்பினால், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவர் எடை குறைப்புச் சிகிச்சை பெற்றவர் என்பதை அங்குள்ள மருத்துவர்க்குத் தவறாது தெரிவித்தல் வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின் செலுத்தப்பட வேண்டியிருக்கும்.

உணவு முறை

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உட்செல்ல வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 200 மில்லி லிட்டர் பாலில் 6 கிராமும், 30 கிராம் பருப்பில் 7 கிராமும் புரதம் உண்டு. சோறு முதலில் உண்ணப்பட்டால் இரைப்பை நிறைந்துவிடும், புரதத்துக்கு இடமிராது. எனவே பருப்பு, முட்டை, மீன், தயிர், பனீர் போன்றவற்றை முதலிலும், காய்களை அடுத்தும், சோறு அல்லது ரொட்டியை இறுதியிலும் உண்பதே முறை. சிறிது சிறிதாகப் பல வேளை உண்ண வேண்டும். நன்கு மென்று உண்ண வேண்டும். தண்ணீரை உணவோடு சேர்த்துக் குடியாமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

இனிப்பு மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் திடீரென இறங்குமாயின் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குப் பின் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் வரலாம். கருவுற்ற பெண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து நீரிழிவைச் சோதிப்பது நம் சுகாதார நிலையங்களில் வழக்கம். பைபாஸ் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு இச்சோதனை மேற்சொன்ன தொல்லைகளை விளைக்கக்கூடும். ஆதலின் மருத்துவரைக் கேளாமல் அதனைச் செய்யலாகாது. சர்க்கரையை அறிய வேறு வழிகள் உள்ளன. சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுதல் தாய்க்கும் சேய்க்கும் நலம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் பெற்றவர்க்கு, இணைப்பிடத்தில் புண் உண்டாக்கும். புகையிலையும் அவ்வாறே. மது முன்னைவிட விரைவாக இரத்தத்தில் ஏறும். பைபாஸ் பெற்றவர்க்குப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் திடீரெனக் கடும் வயிற்று வலி தோன்றின், குடல் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். அதனை வாயுத் தொல்லை என்று கருதிக் காத்திருத்தல் உயிருக்கே அபாயம்.

எடை மீண்டும் ஏறினால்

சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய பேராய்வு இது பற்றித் தெளிவான செய்திகளைத் தருகிறது. பைபாஸ் பெற்றவர்கள் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் தம் எடையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அக்குறைவு 25 பங்காக இருந்தது. எடை ஓரளவு திரும்புவது உடலின் இயல்பே என்பது இதனால் விளங்கும். நீரிழிவைப் பொறுத்தவரை, அறுவை சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களுள் இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு 72 பேர் அந்நோயினின்று விடுபட்டிருந்தனர். பத்தாம் ஆண்டில் 36 பேரே அந்நிலையில் இருந்தனர். எனவே நோய் நீங்கிற்று என்று இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையைக் கைவிடலாகாது. ஆயினும் சிகிச்சை பெற்றவர்கள், அது பெறாத ஒத்த நிலையினரைவிட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தனர் என்று அதே ஆய்வு 2020இல் அறிவித்தது.

ஆகவே எடை சிறிது ஏறியவரை நாவடக்கம் இல்லாதவர் என்று பழித்தல் அறிவியலுக்கும் ஒவ்வாது, நற்பண்புக்கும் ஒவ்வாது. பழிச்சொல்லுக்கு அஞ்சியே பலர் பரிசோதனைக்கு வராது ஒதுங்குகின்றனர். சிலர்க்கு மனச்சோர்வும் நேர்கிறது. அதனையும் நோயின் ஒரு பகுதியாகக் கருதி உதவி பெறச் செய்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

களப் பணியாளர்கள் தம் பகுதியில் இச்சிகிச்சை பெற்றவர் யார் யார் என்பதையும், எந்த ஆண்டில் எம்முறையில் பெற்றனர் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மாத்திரைகள் தொடர்கின்றனவா என்று வீடு செல்லும்போதெல்லாம் வினவலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அணு, இரும்பு, பி12, வைட்டமின் டி, சுண்ணாம்பு, சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்க வழிகாட்டலாம். எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும் தம் சிகிச்சையைப் பற்றி முதலிற் கூறுமாறு அறிவுறுத்தலாம்.

ஆசிரியர்கள் ஜீரண உறுப்புகளைப் பற்றிய பாடத்தில், இரைப்பையின் அமிலமும் சிறுகுடலின் ஒவ்வொரு பகுதியும் ஆற்றும் தொழிலை இவ்வெடுத்துக்காட்டால் விளக்கலாம். உடலின் பருமனைக் கொண்டு ஒருவரை நகைத்தல் தகாது என்பதை மாணவர்க்கு அப்பாடத்தோடேயே உணர்த்தலாம். பள்ளியில் சிறுகச் சிறுக உண்ண வேண்டியுள்ள உடன் ஆசிரியர்க்கு வேண்டிய இடைவேளையை அளித்தலும் ஓர் உதவியே.

அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் வேண்டப்படும் கவனிப்போ வாழ்நாள் முழுதும் தொடர்வது. தக்க காலத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி, ஒருவரின் நரம்பையும் எலும்பையும், சில வேளைகளில் உயிரையுமே காக்கவல்லது.