தாத்தாவோட சிடி கெட்டுப்போகலை

போன செமஸ்டர் லீவுல பரண் மேல இருந்து ஒரு சிடி கிடைச்சது. மேல தாத்தா கையெழுத்துல 'பாட்டுகள், 2003'ன்னு எழுதியிருந்தது. தாத்தா திருக்கழுக்குன்றம் பக்கத்துல தமிழாசிரியரா இருந்தவர். சனி, ஞாயிறுல சைக்கிளை எடுத்துக்கிட்டு சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம்னு கடலோர ஊர்களுக்குப் போய் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு வருவாராம். அந்த நோட்டுகளைக் கரையான் தின்னுடுச்சு. அதுக்கு முன்னாடி செங்கல்பட்டுல ஒரு டிடிபி சென்டர்ல கொடுத்து டைப் அடிச்சு வச்சதுதான் இந்த சிடி. தாத்தா இப்போ இல்லை.

இன்னைக்கு எந்த லேப்டாப்புல சிடி டிரைவ் இருக்கு? ஹாஸ்டல்ல ஒரு சீனியர்கிட்ட வெளி டிரைவ் கடன் வாங்கித் திறந்தேன். உள்ளே வேர்டு ஃபைல்கள். திறந்தா ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கட்டி, அர்த்தமே இல்லாம பக்கம் பக்கமா ஓடுது. பார்த்த மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க: "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, விடுடா."

மூணு பேருமே கம்ப்யூட்டர் சயின்ஸ். ஃபைல் கரப்ட் ஆகலைங்கிறது எனக்கே ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. முதல் செமஸ்டர்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுற சில சொற்கள் (பிட், பைட், என்கோடிங், ஃபான்ட், யூனிகோடு) உண்மையில எதுக்குன்னு அந்த ரெண்டு நாள்லதான் கத்துக்கிட்டேன்.

கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது 0, 1. அந்த ஒரு இடம்தான் பிட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். அதுல 0 முதல் 255 வரை 256 எண்களில் ஏதாவது ஒண்ணை வைக்கலாம். இந்த எண் வந்தா இந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை போட்டுக்கிட்டாத்தான் எண் எழுத்தாகும். அந்த அட்டவணைக்குப் பேர்தான் என்கோடிங். தமிழ்ல குறியேற்றம்னு சொல்றாங்க. ஆங்கிலத்துக்கு 1963லயே ஆஸ்கின்னு ஒரு அட்டவணை வந்துடுச்சு. அதுல 128 இடம். பெரிய 'ஏ'வுக்கு 65, இப்படி.

ஃபான்ட், அதாவது எழுத்துரு, வேற விஷயம். 65ஆம் எண் வந்தா திரையில என்ன படம் வரையணும்னு சொல்றது ஃபான்ட். அந்தப் படத்தை அழகாவும் போடலாம், கிறுக்கலாவும் போடலாம். ஏன், 65க்கு 'ஏ'வே போடாம ஒரு தமிழ் எழுத்தைக்கூட வரையலாம். ஃபான்ட் செய்யுறவரை யார் தடுக்கப்போறாங்க?

அந்தக் காலத்துல தமிழ் டைப்பிங் ஓடினது பெரும்பாலும் இந்தத் தந்திரத்துலதான். பாமினின்னு ஒரு ஃபான்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. பழைய கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், துண்டறிக்கைன்னு எங்கேயும் அதுதான். அதுல 'தமிழ்'னு அடிக்கணும்னா ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு அஞ்சு கீயைத் தட்டணும். ஃபைலுக்குள்ள போய் உட்காருறது அந்த அஞ்சு ஆங்கிலக் குறிகளோட எண்கள்தான். பாமினி ஃபான்ட் இருக்கிற மெஷின்ல 'தமிழ்'னு தெரியும். இல்லாத மெஷின்ல ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. என் ஃபைல்ல இருந்தது அதேதான். தாத்தா ஃபைல்ல ஒரு பைட்கூடத் தொலையலை. அதைப் படிக்கிறதுக்கான அட்டவணை மட்டும் என் லேப்டாப்புல இல்லை.

இது இன்னும் பளிச்சுன்னு புரியணும்னா ஈசிஆர் ரோட்டுல மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்துல இறங்குங்க. எல்லாரும் புலிக்குகை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு திரும்பிடுவாங்க. அதே வளாகத்துல அதிரணசண்டன் குகைன்னு பல்லவர் காலத்துக் குடைவரை ஒண்ணு இருக்கு. அதோட ஒரு பக்கச் சுவர்ல சமஸ்கிருதச் சுலோகங்கள் பல்லவ கிரந்த எழுத்துல வெட்டியிருக்கு. எதிர்ப்பக்கச் சுவர்ல அதே சுலோகங்கள் நாகரி எழுத்துல. செய்தி ஒண்ணு, எழுத்து முறை ரெண்டு. கிரந்தம் மட்டும் தெரிஞ்சவருக்கு நாகரிச் சுவர் வெறும் கோடுகள்தான். அதுக்காக அந்தக் கல்வெட்டு கரப்ட்னு சொல்லிட முடியுமா? நாங்க போன வருஷம் அங்க போனப்போ நானும் செல்ஃபி மட்டும் எடுத்துட்டு வந்தவன்தான்.

சரி, தமிழுக்கு ஒழுங்கா ஒரு அட்டவணை போட என்ன தடை? இடம்தான். 256ல கீழ்ப்பாதி 128 ஆங்கிலத்துக்குப் போயிடுச்சு. மிச்சம் 128. நம்ம எழுத்து 247, கிரந்த எழுத்து தனி. அதனால துண்டு துண்டா வச்சு ஒட்டினாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா ஒட்டினதுதான் சிக்கல். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் இணையத்துலயே கூடிப் பேசி உருவாக்கின டிஸ்கி ஒண்ணு. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு கொண்டுவந்த டாம், டாப் ரெண்டு. இது போக ஒவ்வொரு மென்பொருள் கம்பெனிக்கும் சொந்தமா ஒண்ணு. 1998 பொங்கல்ல தொடங்கின மதுரைத் திட்டம்கூட பழைய இலக்கியங்களை முதல்ல இந்த மாதிரி அட்டவணைகள்ல வெளியிட்டு, அப்புறம் யூனிகோடுக்கு மாத்த வேண்டியிருந்தது.

யூனிகோடு, தமிழ்ல ஒருங்குறி, இந்தச் சண்டையை வேற வழியில முடிச்சுது. உலகத்து எழுத்துக்கெல்லாம் ஒரே அட்டவணை. ஒவ்வொண்ணுக்கும் யாரோடயும் மோதாத தனி எண். 1991ல வந்த முதல் பதிப்புலயே தமிழ் இருக்கு. நமக்கு ஒதுக்கினது 2944லிருந்து 3071 வரை. 'தமிழ்'ங்கிற சொல் அதுல 2980, 2990, 3007, 2996, 3021. அதாவது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுக்கு அஞ்சு குறி. 2010ல தமிழக அரசும் யூனிகோடை ஏத்துக்கிட்டது. கூடவே டேஸ்16னு, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தர்ற ஒண்ணையும் மாற்றா வச்சது. அது பரவலாகலை.

இந்த எண்களை பைட்டா எழுதி வைக்கிற முறைதான் யூடிஎஃப்-8. 1992ல கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கினது. ஒரு ஹோட்டல்ல சாப்பிடப் போன இடத்துல, தட்டுக்குக் கீழே விரிக்கிற தாள்ல வரைஞ்சாங்களாம். இதுல ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். லேப்ல நீங்களே பாருங்க: சி மொழியில 'தமிழ்'க்கு நீளம் கேட்டா 15ன்னு வரும், பைத்தான்ல 5. மூணுன்னு ரெண்டுமே சொல்லாது. பைத்தான்ல சொல்லைத் திருப்பிப் போட்டா புள்ளி அந்தரத்துல முன்னாடி நிக்கும், கொக்கி 'ம'வை விட்டு 'ழ'கிட்ட போய் ஒட்டிக்கும். மூணுன்னு சரியா எண்ணணும்னா 'ஓப்பன்-தமிழ்' மாதிரி ஒரு லைப்ரரி வேணும். எஸ்எம்எஸ் ஆங்கிலத்துல 160 எழுத்து போகும், தமிழ்ல 70 குறிதான் போகுங்கிறதும் இந்தக் குடும்பத்துக் கதைதான். அங்கே 140 பைட்தான் இடம், தமிழ்க் குறிக்கு 2 பைட் போகும்.

தமிழ்ப் பேர் இருக்கிற சிஎஸ்வி ஃபைலை எக்ஸெல்ல திறந்தா, தலையில கோடு போட்ட ஏ-வும் வட்டத்துக்குள்ள ஆர்-உம் மாறி மாறி வருமே, பார்த்திருக்கீங்களா? 'த'வோட மூணு பைட் 224, 174, 164. அதை ஐரோப்பிய அட்டவணையில பார்த்தா 224 அந்த ஏ, 174 அந்த ஆர். ஃபைலை நேரா திறக்காம டேட்டா மெனு வழியா இறக்கி, '65001 யூனிகோடு'ன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. சரியாயிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யூனிகோடுல இருந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல கௌதம்னு ஒரு பையன் பணம் கட்டிப் பதிவு பண்ணியிருந்தான். லிஸ்ட்ல தேடினா பேரே இல்லைன்னு வாசல்ல நிறுத்தி வச்சோம், முக்கால் மணி நேரம். பேர் இருந்தது. பதிவு பண்ணினவங்க ஔகாரக் குறியைப் போடாம ஒற்றைக் கொம்பு, அப்புறம் 'ள'ன்னு அடிச்சிருந்தாங்க. திரையில ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டர் எண்ணைத்தான் பார்க்கும். தப்பு எங்களோடது, அவன்கிட்ட மன்னிப்பும் கேட்டோம்.

இனி தாத்தா ஃபைலுக்கு வருவோம். பழைய ஃபைல் ஏதாவது உங்க வீட்டுலயும் இருந்தா, சாதா ஆங்கில எழுத்தா தெரிஞ்சா பாமினி வகை, ஐரோப்பிய மொழி மாதிரி கோடும் புள்ளியும் வச்ச எழுத்தா தெரிஞ்சா டிஸ்கி, டாப் வகைன்னு முதல் சந்தேகம் வைக்கலாம். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி மாத்திகள் இருக்கு. நான் வீராப்பா பைத்தான்ல நானே எழுதினேன். ரெண்டு இடத்துல அடி வாங்கினேன். பாமினியில 'கொ' அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியுற வரிசையில கொம்பு முதல்ல, 'க' அடுத்தது, கால் கடைசியில. யூனிகோடுல 'க' முதல்ல, ஒகரக் குறி ஒண்ணே ஒண்ணு அப்புறம். அந்த வரிசையை மாத்தாம எண்ணை மட்டும் மாத்தினா எல்லாக் கொம்பும் பக்கத்து எழுத்துல போய் உட்காரும்.

ரெண்டாவது அடி நானே வாங்கிக்கிட்டது. வேர்டுல இருந்து நோட்பேடுக்கு காப்பி பண்ணினேன். அங்கே ஃபான்ட் பேர் போயிடுச்சு. தாத்தா சில இடத்துல பாட்டுக்குக் கீழே ஊர்ப் பேரை ஆங்கிலத்துல அடிக்கச் சொல்லியிருக்கார். பாமினியில வந்த எழுத்து எது, நிஜ ஆங்கிலம் எதுன்னு பிரிக்கவே முடியலை. ஊர்ப் பேரெல்லாம் தமிழ்ல உளறலா மாறிப்போச்சு. மூல ஃபைல்ல எந்தத் துண்டு எந்த ஃபான்ட்னு பதிவாகியிருக்கும். திரும்பப் போய் அதைப் படிச்சு மாத்தினதும் சரியாச்சு. அதனால மூல ஃபைலை மட்டும் தொடாதீங்க. காப்பி எடுத்து அதுல விளையாடுங்க.

மாத்தின பாட்டை பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். முதல் தாலாட்டு முடியறதுக்குள்ள நிறுத்தச் சொல்லிட்டாங்க. "நடுவுல ரெண்டு அடி விட்டுப்போச்சேடா." என் புரோகிராம்லதான் கோளாறுன்னு மூல ஃபைலை எண்ணி எண்ணிப் பார்த்தேன். அதுலயே இல்லை. டைப் அடிச்சவங்க அன்னைக்கே விட்டிருக்காங்க. பாட்டி அந்த ரெண்டு அடியையும் பாடினாங்க, நான் போன்ல தமிழ்99ல அடிச்சுச் சேர்த்தேன். இன்னும் நாற்பது பாட்டு படிச்சுக் காட்ட வேண்டியிருக்கு.