போர்ச் செய்தித் தலைப்பு: மேற்கோள் குறிக்குள் பேசுவது யார்?

போர்ச் செய்தியின் தலைப்பில் மேற்கோள் குறி இருந்தால், அந்தக் கூற்று செய்தி நிறுவனத்துடையது அல்ல, வேறொருவருடையது என்று பொருள். குண்டு விழுந்த இடத்துக்கு நிருபர் போகமுடியாத நிலையில் அது நேர்மையான வழிதான். ஆனால் சொன்னவர் யார் என்று தெரியாவிட்டால் அதனால் வாசகருக்கு என்ன பயன்? நம் நாளிதழ்கள் 'அதிரடி', 'கெத்து' போன்ற சொற்களுக்கும் அதே குறியைப் போடுவதால் குழப்பம் கூடுகிறது.

2023 அக்டோபர் 17 அன்று காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. இஸ்ரேலின் வான் தாக்குதல், சுமார் 500 பேர் பலி என்றது ஹமாஸ் நிர்வாகத்தின் சுகாதார அமைச்சகம். இஸ்லாமிய ஜிஹாத் என்ற ஆயுதக் குழு ஏவிய ராக்கெட் தவறி விழுந்தது என்றது இஸ்ரேல். இஸ்ரேல்தான் தாக்கியது என்று தொடங்கி, பாலஸ்தீனர்கள் கூறுவதாக முடிந்தது நியூயார்க் டைம்ஸின் தலைப்பு. பிறகு அதை மாற்றியது. ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்துவிட்டதாக அக்டோபர் 23 அன்று ஆசிரியர் குறிப்பும் வெளியிட்டது. முதல் தலைப்பை நம்பிப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் பார்த்திருப்பார்கள்?

குறி இல்லாததும் ஆபத்துதான். 2009இல் வன்னியில் இலங்கை அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களை எந்தக் குறியும் இன்றி அப்படியே எழுதிய செய்திகள், அங்கே மக்கள் பாதுகாப்பாக இருப்பதாக நம்பவைத்தன. அந்த வலயங்களுக்குள்ளேயே அரசு பெருமளவில் ஷெல் வீசியதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. அரசு வைத்த பெயரைச் செய்தியாளர் தன் சொல்லாக ஏற்பது மிகப் பெரிய தவறு என்றே நான் கருதுகிறேன்.

தலைப்பில் குற்றச்சாட்டு வந்தால் சொன்னவரைக் குறிப்பிட வேண்டும், குறைந்தபட்சம் மேற்கோள் குறியாவது இட வேண்டும் என்கின்றன இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள். அந்தக் குறைந்தபட்சம் போர்க்காலத்துக்குப் போதாது. ஒரு தரப்பின் கூற்றுக்கு மட்டும் குறி போட்டு, மறுதரப்பின் கூற்றை உண்மைபோல அச்சிடுகிறார்களா என்றும் பாருங்கள். பகிரும்போது சொன்னவரின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

தலைப்பு உண்மையைத் திரித்திருந்தால் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் கவுன்சிலில் புகார் செய்யலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான 2 மாதத்துக்குள். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது. அதற்கு அந்தந்தச் சேனலுக்கே முதலில் எழுத வேண்டும். அவகாசம் குறைவு என்பதால் தாமதிக்காதீர்கள்.