கைத்துறப்பணம்: பழைய சாமானா, நல்ல சரக்கா?

கரண்டில் ஓடும் துறப்பணம் வந்த பிறகு கையால் சுற்றுவதை யார் கேட்கப்போகிறார்கள் என்று நானும் நினைத்தவன்தான். மன்னாரில் என் ஹாட்வெயார் கடையில் தூசு பிடித்துக் கிடந்த மூன்றையும் வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டேன். மறுமாதமே முள்ளிக்குளத்துத் தச்சர் ஒருவர் வந்து அதைத்தான் கேட்டார். 2007 செப்டம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, கொட்டிலில் இருந்தவர். கையில் மரம் இருந்தது, வேலையும் இருந்தது, கரண்ட் இல்லை. வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அவருடைய கூலியும் போனது, என் வியாபாரமும் போனது. அந்த ஊர்க் காணியில் 100 ஏக்கரை விடக் கடற்படை 2017 ஏப்ரலில் சம்மதித்த செய்தி வந்ததும், முதல் வேலையாக அரை டசின் வாங்கி வைத்தேன்.

நம் கரைக்கு இக்கருவி புதிதல்ல. கொண்டச்சி முத்துக்குளிப்பைப் பற்றி றொபர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில், முத்தில் துளையிடும் விதமும் இருக்கிறது. மூன்று கால் வைத்த மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதிப்பார்கள். இடக்கை ஊசியை மேலிருந்து அழுத்தும்; வலக்கை வில்லை இழுத்து அதைச் சுழற்றும். அதே வலக்கையின் சுண்டுவிரலைப் பக்கத்துச் சிரட்டைத் தண்ணீரில் தோய்த்து முத்தை நனைத்துக்கொள்வார்கள். அவசரப்பட்டு முத்து வெடித்தால் முதலே போய்விடும். நிதானம், நேர்க்கோடு, குளிர்ச்சி: இன்றைக்கும் இந்த மூன்றும்தான் பாடம்.

கடையில் வைக்க வேண்டியவை மூன்று வகை. பல்சக்கரம் வைத்த சிறிய கைத்துறப்பணம், ஆணிக்கும் திருகாணிக்கும் போடும் சிறு துளைகளுக்கு. நெஞ்சை முட்டுக்கொடுத்து அழுத்தும் பெரியது, இரும்புத் தகட்டுக்கும் தடித்த பிட்டுக்கும். வளைந்த கைபிடியுள்ள பிரேஸ், வள்ளப் பலகை, நிலை போன்றவற்றில் பெரிய துளைக்கு. பிரேஸின் ஆகர் பிட் முனையில் சிறு திருகு உண்டு. அதுவே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

வாங்க வருகிறவருக்கு இவற்றையும் சொல்லிக் கொடுங்கள். துளை போடும் இடத்தில் முதலில் கூர்முனையால் ஒரு குழி தட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிட் வழுக்கும். திருகாணியின் தண்டை விடத் துளை சற்றுச் சிறிதாக இருக்கட்டும். பலகையின் மறுபக்கம் முனை தெரிந்ததும் நிறுத்தி, அந்தப் பக்கமிருந்து முடித்தால் மரம் சிதறாது. இடையிடையே தூளை வெளியே எடுக்க வேண்டும். இரும்பில் மெதுவாகச் சுற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். சிறு பிட்டை முறிப்பது பலமல்ல, சரிந்த கை.

கொள்முதல் செய்யும்போது மெல்லிய பிட் ஒன்றை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். முனை வட்டம் போட்டால் சக் கோணல். அந்தச் சரக்கு வேண்டாம். பல்சக்கரம் தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

இது வேகமாக ஓடும் சரக்கல்ல. அதற்காக ஒரு டசின் வாங்கி முதலை முடக்க வேண்டாம். இரண்டு மூன்று போதும். ஆனால் பிட் மட்டும் எல்லா அளவிலும் இருக்கட்டும். துறப்பணம் வாங்கியவர் பல வருடத்துக்கு ஒருமுறைதான் இன்னொன்று வாங்குவார். பிட்டுக்காக மாதாமாதம் உங்கள் படியேறுவார்.