714 ரூபாயா... 30 லட்சமா?

உங்க காலேஜ் பைக் ஸ்டாண்டை ஒரு ரவுண்டு சுத்தி வாங்க. ஸ்டிக்கர், சைலன்சர், கலர் கலரா சீட் கவர்னு வண்டியை இழைச்சு வெச்சிருப்பாங்க நம்ம மக்கள். 'இன்ஷூரன்ஸ் என்னிக்கு முடியுது?'னு கேட்டுப் பாருங்க, பல பேர் திருதிருன்னு முழிப்பாங்க!

அமெரிக்கா, இங்கிலாந்தில் டீன் ஏஜ் பசங்க கார் ஓட்டினால், பெரும்பாலும் வயசைப் பார்த்தே பிரீமியத்தை எகிற வெச்சிடுவாங்க. நம்ம ஊரில் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு உங்க வயசு கணக்கே இல்லை, இன்ஜின் சி.சி.தான் கணக்கு. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த பட்டியல்படி, டூ வீலருக்கு ஒரு வருஷ பிரீமியம் இதுதான்:

75 சி.சி. வரை - 538 ரூபாய்
75 முதல் 150 சி.சி. வரை - 714 ரூபாய்
150 முதல் 350 சி.சி. வரை - 1,366 ரூபாய்
350 சி.சி.க்கு மேல் - 2,804 ரூபாய்

ஜி.எஸ்.டி. தனி. புது வண்டிக்கு 2018 செப்டம்பரில் இருந்து 5 வருஷ தேர்டு பார்ட்டியை மொத்தமா எடுத்தாகணும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம். அஞ்சு வருஷம் அதை நினைக்கவே வேண்டாம். ஆறாவது வருஷம் சுத்தமா மறந்தே போயிடும்!

'போலீஸ் பிடிச்சா ஃபைன் கட்டிக்கலாம் பாஸ்'னு சொல்றீங்களா? முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. மூணு மாசம் வரை ஜெயிலும் உண்டு. ஆனா, உண்மையான அடி அது இல்லை.

உங்க வண்டி மோதி, மாசம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிற, கல்யாணம் ஆகாத 24 வயசு இளைஞர் இறந்துட்டார்னு வெச்சுக்கங்க. கோர்ட் போடுற கணக்கைப் பாருங்க. வருங்கால வருமான உயர்வுக்கு 40 சதவிகிதம் சேர்த்தால் 28,000. அவரோட சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழிச்சா 14,000. அதை 12 மாசத்தால் பெருக்கி, அந்த வயசுக்கான 18-ஆல் மறுபடியும் பெருக்கினால்... 30 லட்சத்து 24 ஆயிரம்! பாலிசி உயிரோடு இருந்தால் அதை கம்பெனி கட்டும். இல்லைன்னா, வண்டி யார் பேரில் இருக்கோ அவரும் கட்டணும். பெரும்பாலும் அது உங்க அப்பா பேர்தானே?

இன்ஷூரன்ஸ் இருந்தாலும் கவிழ்க்கிற விஷயங்கள் சில இருக்கு...

'மாப்ளே, சாவியைக் குடுடா!' - லைசென்ஸ் இல்லாத ஃப்ரெண்டு ஓட்டி விபத்து நடந்தால், கம்பெனி பணத்தைக் கொடுத்துட்டு, அதை வண்டி ஓனர்கிட்டேயே திரும்ப வசூலிக்க கோர்ட் அனுமதி தர்றது உண்டு. 18 வயசு ஆகாத தம்பிகிட்ட கொடுத்தீங்களா? 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோர் அல்லது ஓனருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரை ஜெயிலும். தம்பிக்கு 25 வயசு வரை லைசென்ஸே கிடைக்காது.

பின் சீட் நண்பன் - வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, உங்க பின்னாடி உட்கார்ந்து வர்றவரைக் காப்பாத்தாது. தினமும் ஒருத்தரை ஏத்திட்டுப் போறீங்கன்னா, முழு பாலிசியா எடுங்க. இல்லைன்னா பின் சீட்டுக்குத் தனியா கவர் சேருங்க.

சீனியர்கிட்ட வாங்கின வண்டி - ஆர்.சி. புக்கில் பேர் மாத்துற வரைக்கும் கோர்ட் அவரைத்தான் ஓனர்னு பார்க்கும். இன்ஷூரன்ஸில் பேர் மாத்த, வாங்கின 14 நாளுக்குள் மனு கொடுக்கணும்.

முழு பாலிசி எடுத்தவங்களுக்கு ஒரு இனிப்பான சேதி! கிளெய்மே போடாமல் ஓட்டினால், உங்க வண்டி சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதத்தில் ஆரம்பிச்சு 50 வரை தள்ளுபடி கிடைக்கும். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினால் அதுவும் போச்சு!

இன்னிக்கு சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை. பாலிசியை எடுத்து முடியுற தேதியைப் பாருங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அடிக்கிற மாதிரி செல்போனில் அலாரம் வைங்க. உங்க பாக்கெட் மணியில் 714 ரூபாய் போனால் ரெண்டு சினிமா குறையும், அவ்வளவுதான். அப்பா கட்டின வீடு பத்திரமா இருக்கும்!