கரடியின் வயிற்றுக்குள் ஒரு சுற்று

முதலில் அந்த நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். சோவியத் காலத்து விமானத்தின் காக்பிட்டில் தலையை நீட்டியதும் கண்ணை நிறைப்பது பச்சையும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு வெளிறிய மயில்கழுத்து நிறம். கருவிப் பலகை முழுக்க அதுதான். விமானியின் கண்ணும் மனமும் களைத்துப்போகக் கூடாது என்று பூசினார்களாம். படத்தில் பார்த்தாலே கிறங்கிப்போகிறவர்கள் நேரில் பார்த்தால் பேச்சை மறந்து நிற்பார்கள்!

அடுத்துத் தேடவேண்டியது விசிறி. ஆமாம், விசிறியேதான்! பயணிகளை ஏற்றிய டியு-154 ஆகட்டும், சரக்கு சுமக்கும் ஐஎல்-76 ஆகட்டும், விமானிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மின்விசிறி இருக்கும். இறக்கைகள் ரப்பர். அதனால் கம்பி வலையே தேவையில்லை, விரல் பட்டாலும் வெட்டாது. வெயிலில் ஓடுதளத்தில் காத்துக் கிடக்கிறவருக்குக் காற்று வேண்டும், அதற்கு இது போதும். எவ்வளவு நேரான யோசனை!

இந்த விமானங்களுக்காக உயிரை விடுகிற ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களை மயக்குவது இதுதான்: விநோதமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு காரணம் ஒளிந்திருக்கும். ஐஎல்-62-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு என்ஜினும் வால் பக்கம். பயணிகள் இறங்கி எடை குறைந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிடும். அதற்காகவே வாலுக்கு அடியிலிருந்து குட்டிச் சக்கரம் வைத்த ஒரு தனிக் கால் இறங்கி முட்டுக்கொடுக்கும்! மிக்-29 இன்னும் கெட்டிக்காரன். கரடுமுரடான ஓடுதளத்தில் கல்லும் மண்ணும் என்ஜினுக்குள் போய்விடாமல் இருக்க, தரையில் ஓடும்போது முன்வாயை மூடிக்கொள்வான். இறக்கைக்கு மேலே இருக்கும் செவுள் போன்ற திறப்புகள் வழியாக மூச்சு விடுவான். மேலே கிளம்பியதும் வாய் திறந்துவிடும்.

ஐஎல்-62-ல் ஒருமுறை பறந்துவிட வேண்டும் என்பதற்காகவே வட கொரியாவுக்குப் போன ஐரோப்பியர்கள் உண்டு. அங்கே ஏர் கோர்யோ நிறுவனம் ஐஎல்-18, டியு-134 என்று பழைய விமானங்களை இந்த ரசிகர்களுக்காகவே பறக்கவிட்டது. ஜெர்மனியின் ஜின்ஸ்ஹைமில் ஒரு அருங்காட்சியகக் கூரைமேல் டியு-144-ம் கான்கார்டும் அருகருகே நிற்கின்றன, இரண்டுக்குள்ளும் ஏறலாம். மாஸ்கோவை ஒட்டிய மோனினோவில் வி-12 ஹெலிகாப்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றும் 35 மீட்டர் விட்டம்! 1969-ல் 44 டன்னுக்கு மேல் சுமந்துகொண்டு 2,255 மீட்டர் உயரம் ஏறிய பிரம்மாண்டம் அது.

இத்தனை இருந்தும் என் நெஞ்சைப் பறித்துக்கொண்டது டியு-142 மட்டும்தான். நேட்டோ அதற்குக் கரடி என்று பெயர் வைத்தது. டியு-95 குண்டுவீச்சு விமானத்தின் தம்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பிடிக்கும் வேட்டைக்காரன். அண்ணன் பிறந்த 1950-களின் தொடக்கத்தில் ஜெட் என்ஜின்கள் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன. அமெரிக்கா வரை போய்த் திரும்புகிற தூரம் அவற்றால் ஆகாது. எனவே அதை வடிவமைத்த டுபோலெவ் குழு, சுழலியைச் சுற்றவைக்கும் டர்போபிராப் என்ஜினை நம்பியது. என்கே-12 என்ஜின் ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். அவ்வளவையும் ஒற்றைச் சுழலி எப்படி வாங்கிக்கொள்ளும்? அதனால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, எதிரெதிர்த் திசையில் சுற்றும்படி வைத்தார்கள். முன்னது முறுக்கிவிட்ட காற்றைப் பின்னது நிமிர்த்தி, அந்த ஆற்றலையும் வீணாக்காமல் விமானத்தைத் தள்ளப் பயன்படுத்திக்கொள்ளும். என்ஜினுக்கு 8 இறக்கை, மொத்தம் 32! சுழலியின் விட்டம் 5.6 மீட்டர். அது தரையில் இடிக்கக் கூடாதென்றுதான் கரடிக்கு அத்தனை நெட்டைக் கால்கள். உச்ச வேகத்தில் சுழலியின் நுனிகள் ஒலியின் வேகத்தையே எட்டிப் பிடிக்கும். அந்த உறுமல் எப்படி இருக்கும் என்று அரக்கோணத்துக்காரர்களைக் கேளுங்கள்.

ஏனென்றால் இந்தக் கரடி நம் ஊரில் வாழ்ந்தது. இந்தியக் கடற்படை 8 விமானங்களை வாங்கியது. 1988-ல் கோவாவில் பணி தொடங்கி, 1992 முதல் அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் நின்றன. அங்கே 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுதளம் இந்தப் பெரிய உடம்புக்குத் தாராளம். 29 ஆண்டு உழைத்துவிட்டு 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன.

உள்ளே போகும் வழியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன்சக்கரம் மடங்கும் குழிக்குள் ஏணி வைத்து விமானிகள் ஏறுவார்கள். ஆபத்தில் ஆளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கை இதில் கிடையாது. அதற்குப் பதிலாகத் தரையில் ஓடும் ஒரு பட்டை! அவசரம் என்றால் பட்டை நகரத் தொடங்கி, கனத்த உடையும் பாராசூட்டுமாக இருப்பவர்களைத் திறப்பு வரை இழுத்துப்போய்விடும். அங்கிருந்து குதிக்க வேண்டியதுதான். வாலிலோ இரட்டை 23 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவற்றுக்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அவற்றைச் சுடுபவர். விமானிகள் போகும் திசையைப் பார்த்திருக்க, அவர் வந்த வழியைப் பார்த்தபடியே மணிக்கணக்கில் பறந்திருப்பார். அந்த இருக்கையை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது!

ஓய்வு பெற்ற கரடிகளில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்துபோய், அங்கே பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டப்பட்டது. 2017 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எதிரிலேயே ஐஎன்எஸ் குர்சுரா, அதுவும் சோவியத்தில் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல். வேட்டைக்காரனும் இரையும் ஒரே சாலையின் இரு பக்கத்தில்! விசாகப்பட்டினம் போகிறவர்கள் குர்சுராவோடு திரும்பிவிடாதீர்கள். சாலையைக் கடந்து வாருங்கள். குழந்தைகளை ஒரு என்ஜினுக்கு நேர் எதிரே நிறுத்தி, இறக்கைகளை எண்ணச் சொல்லுங்கள்.